எளிய மனிதரும் ஆகாய விமானமும்

திருத்தக்கதேவர் இயற்றிய சீவகசிந்தாமணியிலே மயிற்பொறி ஒன்று வருகின்றது. அரசன் சச்சந்தன் தனக்குக் கேடு நெருங்குவதை உணர்ந்து, தொழில் வல்லான் ஒருவனைக் கொண்டு மயில் வடிவான வானூர்தி ஒன்றைச் செய்விக்கின்றான். அதன் பொறியை வலப்புறம் திருகினால் மேலெழும். இடப்புறம் திருகினால் மெல்ல நிலத்தில் இறங்கும். கருவுற்றிருந்த அரசி விசயை அதனை நடத்தப் பழகுகின்றாள். பின்னர் அமைச்சன் கட்டியங்காரன் அரண்மனையை வளைந்துகொண்ட நாளில், அவள் தன்னந்தனியாக அம்மயிலேறித் தப்பிச் சென்று சுடுகாட்டிலே இறங்கிச் சீவகனை ஈன்றெடுக்கின்றாள்.

இக்கதையைப் படிப்போர் பொறியின் அற்புதத்தை வியப்பர். அரசி அதனை முன்னரே ஓட்டிப் பழகியிருந்தாள் என்னும் சிறு செய்தியைப் பலர் கவனியாது கடந்து செல்வர். ஆயினும், அரசரும் படையினரும் செல்வரும் அல்லாத எளிய மனிதர் தமக்கென ஒரு சிறு விமானத்தை வைத்து ஓட்ட முயன்ற வரலாறு முழுவதும் அச்சிறு செய்தியைச் சுற்றியே சுழல்கின்றது எனலாம்.

சைக்கிள் ஓட்டுவதற்குப் பரீட்சை எழுத வேண்டியதில்லை. மோட்டார் வண்டி ஓட்டுவதற்குச் சாரதி அனுமதிப்பத்திரம் வேண்டும். அவ்வாறாயின் ஆகாய விமானம் ஓட்டுவதற்கு எத்துணைப் பரீட்சைகளும் பத்திரங்களும் வேண்டியிருக்கும் என்று எவரும் எண்ணுவது இயல்பே. பெரும்பாலான நாடுகளில் நிலைமையும் அதுவே. ஆனால், ஐக்கிய அமெரிக்காவிலே ஒருவர் தமக்குச் சொந்தமாக மிகச் சிறிய விமானம் ஒன்றை வைத்திருக்கலாம், அதனைப் பதிவு செய்ய வேண்டியதில்லை, அதனை ஓட்டுவதற்கு விமானி அனுமதிப்பத்திரமும் வேண்டியதில்லை, வயதெல்லையும் இல்லை. 1982ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட இவ்விதி இன்றும் நடைமுறையில் உள்ளது. இத்தகைய சுதந்திரம் எவ்வாறு உண்டாயிற்று? அதற்கு என்ன விலை கொடுக்கப்பட்டது? இவற்றை அறிய வேண்டுமாயின் சற்றுப் பின்னோக்கிச் செல்லல் வேண்டும்.

தொடக்கத்தில் எவரிடமும் அனுமதிப்பத்திரம் இருக்கவில்லை. கொடுப்பாரும் இருக்கவில்லை. ஜேர்மனியைச் சேர்ந்த ஒட்டோ லிலியந்தால் என்பவர் 1891ஆம் ஆண்டு முதல் துணியும் மரச்சட்டமும் கொண்டு இறக்கைகள் செய்து, குன்றுகளிலிருந்து ஓடிக் குதித்து, காற்றிலே சறுக்கிப் பழகினார். ஐந்தாண்டுகளில் ஏறத்தாழ 2000 முறை அவர் இவ்வாறு பறந்தார் என்பர். தாம் செய்த சறுக்கு விமானங்களைப் பிறருக்கு விற்கவும் செய்தார். விலை கொடுத்து வாங்கியவருள் ஒருவர் பேர்சி பில்ச்சர் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர். 1896 ஆகஸ்டில் லிலியந்தால் கீழே விழுந்து, மறுநாள் உயிர் துறந்தார். பில்ச்சரும் தாமே அமைத்த விமானமொன்றிலிருந்து விழுந்து 1899இல் மாண்டார். ஆகவே, சொந்தமாகச் சிறு விமானம் வைத்திருந்த இம்முன்னோடிகள் இருவரும் அதனாலேயே இறந்தனர் என்பது வரலாறு.

அமெரிக்காவின் றைற் சகோதரர் இம்மரணங்களை நன்கு ஆராய்ந்தனர். காற்றிலே நெடுநேரம் பழகாதவன் காற்றை அறியமாட்டான் என்பது அவர்கள் கண்ட முடிவு. எனவே இயந்திரத்தைப் பற்றிச் சிந்திப்பதற்கு முன்னர், 1902ஆம் ஆண்டில் மட்டும் 700 முறைக்கு மேல் இயந்திரமில்லாச் சறுக்கு விமானத்தில் ஏறிப் பழகினர். மறு ஆண்டு டிசம்பர் 17ஆந் திகதி அவர்களது இயந்திர விமானம் மேலெழுந்தபோது, அன்று நடந்த நான்கு பறப்புக்களுள் மிக நீண்டது 59 வினாடிகளே நிலைத்தது. அந்த 59 வினாடிகளுக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான பயிற்சிகள் இருந்தன. அவர்களுக்கு அனுமதிப்பத்திரம் இல்லை. ஆனால் பயிற்சி இருந்தது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதனாலேயே பின்னாளில் பல தவறுகள் நேர்ந்தன.

விமானங்கள் பெருகியபோது கட்டுப்பாடும் பிறந்தது. 1909ஆம் ஆண்டளவில் பிரெஞ்சு விமானக் கழகம் விமானிகளுக்குச் சான்றிதழ் வழங்கத் தொடங்கிற்று. முதலாம் உலகப் போரின் பின்னர், 1919இல் பாரிஸ் நகரில் கைச்சாத்தான சர்வதேச உடன்படிக்கை, நாடு விட்டு நாடு செல்லும் விமானங்களை நடத்துவோர் தகுதிச் சான்றிதழ் பெற்றிருத்தல் வேண்டும் என விதித்தது. அமெரிக்காவிலே 1926ஆம் ஆண்டில்தான் இதற்கெனச் சட்டம் இயற்றப்பட்டது. மறு ஆண்டு அந்நாட்டு அரசாங்கத்தின் முதலாம் இலக்க விமானி அனுமதிப்பத்திரத்தை ஓர்வில் றைற்றுக்கே வழங்க முன்வந்தனர். அவரோ விமானம் ஓட்டுவதை விட்டு வெகுகாலமாயிற்று என்று கூறி அதனை ஏற்க மறுத்தார். முதலில் பறந்த மனிதர் முதற் பத்திரத்தைப் பெறாமலே போனார். விமானத்துறைக்குப் பொறுப்பாயிருந்த அதிகாரியான வில்லியம் மக்கிராக்கன் அதனைப் பெற்றார்.

இக்கட்டுப்பாடுகளுக்குக் காரணம் இருந்தது. விமானம் பாரமானதாயிற்று, பயணிகளை ஏற்றிற்று, நகரங்களின் மேலாகப் பறந்தது. ஒருவன் தவறினால் அவன் மட்டும் அழிவதில்லை. கீழே வீட்டில் உறங்குபவனும் அழிவான். ஆயினும் இக்கட்டுப்பாடுகளால் ஒரு விளைவு உண்டாயிற்று. பயிற்சிக்கும் பரிசோதனைக்கும் பணம் வேண்டியிருந்தது. பணம் உள்ளவனுக்கே வானம் என்றாயிற்று.

இந்நிலையை எதிர்த்து எழுந்தவர் ஹென்றி மின்யே என்னும் பிரெஞ்சுக்காரர். 1893இல் பிறந்த இவர் பெரிய தொழிற்சாலை எதனையும் சார்ந்தவர் அல்லர். தம் கையாலேயே விமானங்களைக் கட்டிக் கட்டிப் பிழை திருத்தியவர். வழக்கமான விமானத்தைக் கைகளாலும் கால்களாலும் ஒருங்கே இயக்க வேண்டும். கை இறக்கைகளின் சாய்வைக் கவனிக்கும். கால் சுக்கானைத் திருப்பும். இரண்டும் இசையாவிடில் விமானம் வேகமிழந்து சுழன்று விழும். அக்காலத்தில் உயிர்களைப் பெரிதும் பலிகொண்டது இவ்விபத்தே. இவ்விசைவு சாதாரண மனிதனுக்கு எளிதில் வராது என்று மின்யே கருதினார். ஆகவே கால்களுக்கு வேலையே இல்லாததொரு விமானத்தைத் திட்டமிட்டார்.

அது அவரது பதினான்காவது அமைப்பு. முன்னும் பின்னுமாக இரண்டு இறக்கைகள். பின்னிறக்கை சற்றுத் தாழ்வாக, முன்னிறக்கையை ஒட்டியே இருக்கும். முன்னிறக்கை கீல் வைத்த பலகைபோல அசையக்கூடியது. விமானியின் கையிலுள்ள தடியைப் பின்னால் இழுத்தால் முன்னிறக்கை நிமிர்ந்து விமானம் மேலெழும். முன்னால் தள்ளினால் இறங்கும். பக்கவாட்டில் அசைத்தால் சுக்கான் திரும்பும். வேறு ஒன்றும் இல்லை. இறக்கையின் அகலம் ஏறத்தாழ 20 அடி. 17 குதிரைவலுவுள்ள சிறு இயந்திரம் அதனை இழுத்துச் சென்றது. 1933ஆம் ஆண்டு செப்டெம்பர் 10ஆந் திகதி அது முதன்முறையாகப் பறந்தது. அதற்கு அவர் இட்ட பெயர் ‘பூ டு சியெல்’. வானத்துப் பேன் என்பது அதன் பொருள். ஆங்கிலேயர் அதனைப் பறக்கும் தெள்ளுப்பூச்சி என்று அழைத்தனர்.

மின்யே இதற்குக் காப்புரிமை கொண்டு காசு தேடவில்லை. 1934இல் ஒரு நூல் எழுதி, அளவுகளையும் செய்முறையையும் வரைபடங்களோடு உலகுக்குக் கொடுத்துவிட்டார். ஒரு மரப்பெட்டியை ஆணியடித்துச் செய்யக்கூடியவன் எவனும் விமானமும் செய்யலாம் என்பதே அவரது உபதேசம். எவ்வாறு கட்டுவது என்பதோடு, ஆசிரியர் இல்லாமலே எவ்வாறு பறக்கப் பழகுவது என்பதையும் அந்நூல் கற்பித்தது. முதலில் நிலத்திலே ஓட்டுக. பின்னர் சிறிது துள்ளுக. அதன் பின்னரே எழுக என்பது அவர் காட்டிய வழி.

மறு ஆண்டு அந்நூல் ஆங்கிலத்தில் வெளிவந்தபோது இங்கிலாந்திலே பெருங் கிளர்ச்சி உண்டாயிற்று. பொருளாதார மந்தத்தால் வாடியிருந்த காலம் அது. தொழிலாளரும் எழுதுவினைஞரும் மாணவரும் தத்தம் கொட்டில்களிலும் வண்டிக் கூடங்களிலும் மரத்தை அறுத்துத் துணியை ஒட்டத் தொடங்கினர். நூறு பவுணுக்குக் குறைந்த செலவில் ஒரு விமானம் சொந்தமாகும் என்ற நம்பிக்கை அவர்களை ஊக்கியது. 1935 ஆகஸ்டில் மின்யே தமது விமானத்திலேயே கடல் கடந்து இங்கிலாந்து வந்து சேர்ந்தார். அரசாங்கமும் இளகிற்று. பெரிய விமானங்களுக்குரிய முழுமையான தகுதிப் பத்திரத்தை வற்புறுத்தாமல், பறப்பதற்கு மட்டுமான எளிய அனுமதியொன்றை இவற்றுக்கு வழங்கிற்று. நூற்றுக்கும் மேற்பட்டவை பதிவு பெற்றன. கட்டத் தொடங்கி முடியாமற்போனவை இன்னும் பல.

அடுத்த ஆண்டிலேயே மரணங்கள் நிகழலாயின. 1936இல் இங்கிலாந்திலும் பிரான்சிலும் இவ்விமானங்கள் சில தலைகீழாக நிலத்தில் மோதின. பயிற்சியற்றவர்களே இறந்தனர் என்று சொல்லி அமைதியடையவும் முடியவில்லை. இறந்தோருள் விமானப்படையிலே தேர்ந்த அதிகாரிகளும் இருந்தனர். அவர்கள் தடியை இறுதிவரை பின்னால் இழுத்தும் விமானம் நிமிரவில்லை.

காரணத்தை அறிய இரு நாட்டு ஆராய்ச்சியாளரும் முழு விமானத்தையே காற்றுக்கூடத்தில் வைத்துச் சோதித்தனர். காற்றுக்கூடம் என்பது ஒரு பெரிய மண்டபம். அங்கே விமானம் அசையாது நிற்க, பெரும் விசிறியால் எழுப்பப்பட்ட காற்று அதன்மீது பாயும். இங்கிலாந்தின் பார்ன்பரோவிலும் பிரான்சின் ஷலே-மூடோனிலும் நடைபெற்ற இச்சோதனைகள் ஒரு கொடிய உண்மையைக் காட்டின. விமானம் ஓரளவுக்கு மேல் மூக்குத் தாழ்ந்துவிட்டால், விமானி தடியை இழுக்க இழுக்க முன்னிறக்கையின் பின் விளிம்பு பின்னிறக்கையை நெருங்கும். இரண்டிற்குமிடையே உள்ள ஒடுங்கிய வழியாகக் காற்று விரைந்து பாயும். அவ்விரைவினால் பின்னிறக்கையின் தூக்கும் வலிமை மிகும். வால் மேலெழும், மூக்கு இன்னும் தாழும். காப்பாற்ற வேண்டிய செய்கையே அழிவைத் துரிதப்படுத்தியது. சுழன்று விழும் பழைய ஆபத்தை மின்யே நீக்கினார். அதன் இடத்தில் எவரும் அறியாத புதிய ஆபத்தொன்று மறைந்திருந்தது.

அனுமதிகள் நிறுத்திவைக்கப்பட்டன. கொட்டில்களில் பாதி கட்டப்பட்டுக் கிடந்த இறக்கைகளில் தூசி படிந்தது. மின்யே தமது அமைப்பைத் திருத்தினார். இறக்கைகளின் இடைவெளியும் நிறைமையமும் மாற்றப்பட்டபின் அவ்வினத்து விமானங்கள் பாதுகாப்பாகவே பறந்தன. 1965இல் இறக்கும்வரை அவர் தம் கொள்கையைக் கைவிடவில்லை. அவர் வழிவந்த விமானங்களைக் கட்டிப் பறப்போர் பிரான்சிலே இன்றும் உளர். ஆயினும், முதலில் நம்பி ஏறி இறந்தவர்களுக்கு அத்திருத்தம் பிந்தியே வந்தது.

மின்யேயைக் குற்றவாளி என்று தீர்ப்பது எளிது. அது முழு நீதியாகாது. அவர் பிறரை ஏற்றித் தாம் ஒதுங்கி நின்றவர் அல்லர். முதலில் ஏறியவர் அவரே. அவரது வரலாறு உணர்த்துவது வேறொன்று. ஓட்டுபவனது பயிற்சி ஒன்று. ஊர்தியின் சோதனை மற்றொன்று. அனுமதிப்பத்திரத்தை நீக்குவோர் இவ்விரண்டின் இடத்திலும் எதனை வைப்பது என்று சிந்தித்தல் வேண்டும்.

நாற்பது ஆண்டுகளின் பின்னர் அதே ஆசை அமெரிக்காவிலே மீண்டும் தளிர்த்தது. 1970ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் இளைஞர் பலர், லிலியந்தாலைப்போல, குன்றுகளிலிருந்து ஓடிக் காற்றிலே சறுக்கும் விளையாட்டில் ஈடுபட்டனர். குன்றில்லாத சமவெளியிலே வாழ்பவன் என்ன செய்வான்? விஸ்கொன்சின் மாநிலத்தைச் சேர்ந்த ஜோன் மூடி இதற்கு விடை கண்டார். 1975 மார்ச் மாதத்தில், உறைந்துபோன ஏரியொன்றின் மீது, ஏறத்தாழ 12 குதிரைவலுவுள்ள சிறு இயந்திரத்தை ஈரிறக்கைச் சறுக்கு விமானத்தில் பொருத்தி, தம் கால்களாலேயே ஓடி வானேறினார். மறு ஆண்டு ஒஷ்கோஷ் நகரில் கூடிய விமான விழாவிலே பெருந்திரளானோர் இதனைக் கண்டனர். சில ஆண்டுகளுள் இத்தகைய சிறு விமானங்கள் ஆயிரக்கணக்கில் விற்பனையாயின.

அரசாங்கம் இவற்றை எவ்வாறு நோக்குவது? காலால் ஓடி எழக்கூடியது விமானம் அன்று, விளையாட்டுக் கருவியே எனச் சிறிது காலம் கொள்ளப்பட்டது. ஆனால் சக்கரங்களும் இருக்கைகளும் பூட்டப்பட்டபின், ‘இதனையும் ஒருவன் தூக்கிக்கொண்டு ஓடலாம்’ என்று காட்டுவது வெறும் நடிப்பாயிற்று. எனவே 1982 ஒக்டோபரில் புதிய விதி நடைமுறைக்கு வந்தது. அமெரிக்க விமானச் சட்டத்தில் அது 103ஆம் பகுதி.

இவ்விதியின் அமைப்பு ஊன்றி நோக்கத்தக்கது. ஓட்டுபவனை அது ஒரு கேள்வியும் கேட்பதில்லை. ஊர்தியையும் இடத்தையுமே கட்டுப்படுத்துகின்றது. இயந்திரம் பூட்டிய ஊர்தியின் வெற்றெடை 254 இறாத்தலுக்குக் குறைந்திருத்தல் வேண்டும். ஆபத்தில் விரியும் குடை முதலிய காப்புச் சாதனங்கள் அவ்வெடையிற் சேரா. பெற்றோல் 5 அமெரிக்கக் கலனுக்கு மேல் கொள்ளலாகாது. முழு விசையில் நேராகச் செல்லும்போது வேகம் மணிக்கு ஏறத்தாழ 63 மைலைத் தாண்டலாகாது. மணிக்கு 28 மைல் அளவுக்கு வேகம் குறைந்தாலும் விழாமல் பறக்கக்கூடியதாய் இருத்தல் வேண்டும். ஒருவர் மட்டுமே ஏறலாம். பொழுதுபோக்குக்கன்றிக் கூலிக்குப் பறத்தல் கூடாது. பகலிலே, நிலம் கண்ணுக்குத் தெரியும்போதே பறக்க வேண்டும். நகரங்களின் மேலும் ஊர்களின் நெருக்கமான பகுதிகளின் மேலும் வெளியிற் கூடியுள்ள மக்களின் மேலும் பறத்தல் ஆகாது. பெரிய விமான நிலையங்களைச் சூழ்ந்த வானத்தில் முன் அனுமதியின்றிப் புகுதல் ஆகாது. ஏனைய விமானங்கள் எதிர்ப்படின் இதுவே வழிவிட்டு விலகுதல் வேண்டும். சட்டம் இதனை விமானம் என்றும் அழைப்பதில்லை. ஊர்தி என்றே அழைக்கின்றது.

இவ்வரையறைகளின் கருத்து வெளிப்படை. பாரம் குறைவு, எரிபொருள் குறைவு, வேகம் குறைவு. மக்கள் இல்லாத வெளி. தவறு நேர்ந்தால் அழிவது பெரும்பாலும் ஓட்டுபவன் ஒருவனே. அவனது ஆபத்து அவனது பொறுப்பு எனச் சட்டம் ஒதுங்கி நிற்கின்றது.

பிற நாடுகள் இத்துணைத் தூரம் செல்லவில்லை. இங்கிலாந்து, ஒருவர் மட்டும் ஏறும் மிகச் சிறிய விமானங்களுக்குரிய தகுதிச் சோதனையை 2007ஆம் ஆண்டில் தளர்த்தியது. ஆனால் அவற்றை ஓட்டுவோருக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பதைத் தளர்த்தவில்லை. ஊர்தியை விடுவித்தது, மனிதனை விடுவிக்கவில்லை. அமெரிக்கா இரண்டையும் விடுவித்தது.

விடுவித்த அமெரிக்காவிலும் ஓர் உண்மை விரைவிலே தெளிவாயிற்று. ஓர் இருக்கையே உள்ள ஊர்தியில் ஆசிரியர் அமர இடம் இல்லை. நீந்தத் தெரியாதவனை நடுக்கடலில் இறக்கிவிடுவது போன்றது அது. ஆகவே பயிற்சிக்கென மட்டும் ஈரிருக்கை ஊர்திகளுக்கு விதிவிலக்கு அளிக்கப்பட்டது. பறப்போரின் சங்கங்கள் ஆசிரியரை நியமித்துப் பயிற்சி முறைகளை வகுத்தன. 2004ஆம் ஆண்டில், இத்தகைய ஈரிருக்கை விமானங்களை ஓட்டுவோருக்கெனக் குறைந்த செலவில் பெறக்கூடிய புதியதோர் அனுமதிப்பத்திரமும் ஏற்படுத்தப்பட்டது. சட்டம் கேளாத பயிற்சியைப் பறப்போர் தாமே தேடிக்கொண்டனர். தேடாதவரின் பெயர்களே விபத்துச் செய்திகளில் மிகுதியாக இடம்பெற்றன.

இங்கே இன்னொன்றும் எண்ணத்தக்கது. ‘அவனது ஆபத்து அவனுக்கு மட்டும்’ என்று சட்டம் கூறலாம். ஆனால் எந்த மனிதனும் தனக்கு மட்டும் உரியவன் அல்லன். 1936இல் வீழ்ந்த விமானங்களில் ஒவ்வொருவரே இருந்தனர். அவர்களுக்காகக் காத்திருந்த வீடுகளில் பலர் இருந்தனர். சட்டம் காண இயலாத அந்த வீட்டைப் பறக்க எண்ணுபவன் தானே காண வேண்டும்.

அதற்காக வானத்தை எளியவனுக்கு அடைத்துவிடுவது நீதியாகுமா? ஆகாது. கடலிலே கட்டுமரம் தள்ளுபவன் எந்தப் பரீட்சையும் எழுதியவன் அல்லன். ஆயினும் அவன் சிறுவயது முதல் தந்தையின் அருகிலிருந்து காற்றையும் நீரோட்டத்தையும் கற்றவன். அவனது மரமும் பல தலைமுறைகள் கடலிலே சோதித்த அமைப்பு. அவனுக்குப் பத்திரம் தேவைப்படாதிருப்பதன் காரணம் இவ்விரண்டுமே. மின்யேயின் மாணவர்களுக்குத் தந்தையும் இல்லை, தலைமுறைச் சோதனையும் இல்லை. ஒரு நூல் மட்டுமே இருந்தது.

காகிதத்தில் எழுதிய அனுமதியை அரசாங்கம் கேட்கலாம், கேளாதும் விடலாம். காற்று ஒருபோதும் அதனைக் கேட்டதில்லை. பத்திரம் வைத்திருந்த விமானப்படை அதிகாரியையும் அது விட்டதில்லை. அது கேட்பது, ஊர்தி சோதிக்கப்பட்டதா, ஓட்டுபவன் பழகியவனா என்ற இரண்டை மட்டுமே. கட்டியங்காரனின் படை அரண்மனை வாயிலை அடைந்த அந்நாளில் விசயையிடமும் எவரும் பத்திரம் கேட்கவில்லை. மயிலின் பொறியை எப்புறம் திருக வேண்டும் என்பதை அவள் கை முன்னரே அறிந்திருந்தது.